ஒன்பதாவது வரைக்கும் பொறு

குழாயடியில நமக்கு நாலு நிமிசம்.
உன் பாட்டில் ரொம்ப ரெண்டு,
என் பாட்டில் ரொம்ப ரெண்டு.
அதுக்குள்ள சொல்லிப்போடறேன், கேட்டுக்க கனிஷ்கா.

நீ விடுதிக்காரி.
ரெண்டாம் ஞாயித்துக்கிழமை பத்து நிமிசம்,
வார்டன் மேசையில, ஸ்பீக்கர்ல,
"நல்லாருக்கேம்மா"ன்னு சொல்ல மட்டும் உனக்குப் போன்.
நான் ஆண்டகளூர் கேட்ல இருந்து பஸ்ல வர்றவ.
தம்பி தூங்குனதுக்கப்புறம்
போர்வைக்குள்ள வெளிச்சத்தைக் கம்மி பண்ணி வெச்சு
எனக்கு நேரம் கெடைக்குது.

அரையாண்டு லீவு ஒம்பது நாள்.
ஒரம்பரை வந்தா ரெண்டு போயிரும்,
தலைக்கு எண்ணெய், பேன், துணின்னு ஒண்ணு.
மிச்சம் ஆறு. வீணாக்காத.

எல்லாரும் சொல்றாங்களே, அந்தக் கதை வேண்டாம்.
பன்னெண்டு லட்சம் பேரு படிச்சது, தெரியும்.
கறுப்புக் காரு, கறுப்புச் சட்டை,
மூணாவது அத்தியாயத்துல அவளை அறையறான்.
நாலாவதுல அவ அந்தக் கன்னத்தையே
தடவிக்கிட்டு வெக்கப்படறா.
நானும் ஒரு ராத்திரி முழுக்க
அவகூடச் சேந்து வெக்கப்பட்டேன்.
விடிஞ்சு பல்லு விளக்கறப்போ பொக்குனு போச்சு.
பிரீத்தா சத்தியம் பண்ணுவா. நம்பாத.

ஊதாப்பூனைன்னு ஒருத்தி.
ஒருத்தியா ஒருத்தனான்னு தெரியாது,
பூனைப் படம்தான் இருக்கும்.
கதை நம்ம பக்கந்தான்:
கோழிப்பண்ணையில ராக்காவலுக்கு ஒரு பொண்ணு,
நாப்பதாயிரம் கோழி,
எண்ணுனா தெனமும் ஒண்ணு கூட.
கதாநாயகன் இல்லை.
பழைய மொபெட் ஒண்ணு உண்டு, நடுவுல செத்துப்போகும்,
நான் அழுதேன், இப்பவே சொல்லிட்டேன்.

பிழை எச்சு.
கோழி கொம்பைத் தொலைச்சுட்டுக்
காழின்னு நிக்கும்.
முற்றுப்புள்ளி அவளுக்குக் காசு மாதிரி,
கையை விட்டு வராது.
மொத அத்தியாயத்துலயே
"அன்று இரவு மலை பெய்தது"ன்னு இருக்கும்.
நான் சிரிச்சேன். நீயும் சிரிப்ப.
ரெண்டுலயும் மலை பெய்யும், அஞ்சுலயும் பெய்யும்,
ஏழுல "மலையில் நனைந்தாள்"னு வரும்.
தமிழ் மிஸ்ஸாட்ட செவப்பு மையை எடுத்துறாத.
ஒன்பதாவது வரைக்கும் பொறு.

ஒன்பதாவதுல, புள்ள,
நெசமாவே மலை பெய்யுது.
மொதல்ல தகரக் கூரையில கடுகு கடுகாக் கல்லு.
அப்புறம் மொளகுக் கொடி, பலாப்பிஞ்சு,
கொண்டை ஊசி வளைவெல்லாம் சுருள் சுருளா,
ஒரு பஸ் ஸ்டாப்பு, அதுல ஒக்காந்திருந்த கிழவரோட.
கடைசியில, சத்தமே இல்லாம, அருவி.
அந்தப் பொண்ணு ஒரு வாளிய எடுத்து
வாசல்ல வெக்கிறா.
அவ்வளவுதான். வாளிய வெக்கிறா.
தெரிஞ்சே எழுதுனாளா,
பிழைதான் அவளைக் கூட்டிட்டுப் போச்சா, தெரியலை.
நான் போர்வைய விலக்கி ஜன்னலைப் பாத்தேன்,
கொல்லிமலை அங்கயேதான் இருக்குதான்னு.

இன்னொண்ணு. கதை முடியாது.
முப்பத்தொண்ணுல "நாளை தொடரும்"னு இருக்கு.
அந்த நாளைக்கு ரெண்டு வருசம் ஆச்சு,
அது ஒரு மார்ச் மாசம்.
பரீட்சையோ, கல்யாணமோ, போனைப் புடுங்கிட்டாங்களோ.
இந்த மாதிரி ஒரு விடுதியில
ரெண்டாம் ஞாயித்துக்கிழமை வரிசையில நிக்கறாளோ என்னமோ.
முடியாததைச் சொல்றனேன்னு திட்டாத.
முடிஞ்சதையெல்லாம் படிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.

மணி அடிச்சாச்சு. உன் பாட்டில் வழியுது.
உள்ளங்கையில எழுதாத, வார்டன் பாக்கும்.
ஊதாப்பூனை. ஒன்பது.

*

லீவு முடிந்து வந்தவள்
மூன்று நாள் ஒன்றும் சொல்லவில்லை.
கச்சாயம் கொடுத்தாள்,
இயற்பியல் மார்க்கைப் பற்றிப் பழமை பேசினாள்.
நானும் கேட்கவில்லை,
கொடுத்த கடனைக் கேட்பதுபோல் இருக்கும்.

நான்காம் நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை.
கொல்லிமலை மேல் கருக்கல் கட்டியிருந்தது.
காலி பாட்டிலோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தவள்
மூக்கை உறிஞ்சிக்கொண்டு
"இன்னிக்கு மலை வருமாட்ட இருக்குது" என்றாள்.
லகரத்தை அழுத்தித்தான்.

நான் என் பாட்டிலின் மூடியைக் கழற்றி
தரையில் வைத்தேன்.